மன்னாரில் திருப்தியை எப்படி அளப்பது?

"மொத்தமாகப் பார்த்தால், உங்கட வாழ்க்கை உங்களுக்கு எவ்வளவு திருப்தியாக இருக்கு? ஒன்றிலிருந்து ஏழு வரைக்கும் ஒரு எண் சொல்லுங்கோ."

இந்தக் கேள்வியை உங்களிடம் கேட்டால் கொஞ்சம் யோசிப்பீர்கள். வேலை, காசு, வீடு, காதல் எல்லாம் ஒருமுறை மனதில் வந்து போகும். பிறகு நாலோ ஐந்தோ சொல்லுவீர்கள். இதே கேள்வியை, பதினைந்து வருடமாக மாதாமாதம் ஊசி போட்டுக்கொண்டு, பேசாலையிலோ முருங்கனிலோ அக்கா வீட்டு விறாந்தையில் வாழும் ஒருவரிடம் கொண்டுபோனால் என்ன நடக்கும்? அநேகமாக இரண்டில் ஒன்று. அவரை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் அக்காவிடம் கேட்பார்கள். "அவனுக்கென்ன, நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்குது" என்று அக்கா சொல்லுவா. இல்லையென்றால் அவரிடமே கேட்பார்கள். அவர் "பரவாயில்லை" என்பார். படிவத்தில் ஐந்து என்று விழும்.

அந்த ஐந்துக்கு என்ன அர்த்தம்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. மனச்சிதைவு, இருதுருவ மனநோய், கடுமையான மனச்சோர்வு போன்றவற்றைத் தீவிர உளநோய்கள் என்கிறோம். ஒருவருடைய வேலை, உறவு, அன்றாடம் எல்லாவற்றையும் நீண்ட காலத்துக்குக் குலைத்துப்போடக்கூடிய நோய்கள் இவை. இவற்றோடு வாழ்பவர்களிடம் "உங்கட வாழ்க்கை உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்கும் பழக்கம் மிக அண்மையில் வந்தது. அது எங்கிருந்து வந்தது, தமிழுக்கு எப்படி வந்தது, மன்னார் மாதிரி ஓர் இடத்தில் அதன் பதிலை எப்படி வாசிக்கவேண்டும் என்று பார்ப்போம்.

தலைகளை மட்டும் எண்ணிய காலம்

பிரித்தானியர் இலங்கையில் 1873இல் மனநோய் தொடர்பாக ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். நோய் உள்ளவர் எப்படி வாழவேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் கவலையாக இருக்கவில்லை. அவரை யார் பிடிப்பது, எந்த நீதிமன்றம் விசாரிப்பது, எங்கே அடைத்துவைப்பது என்பதே கவலை. 1926இல் கொழும்புக்கு அருகே அங்கொடையில் பெரிய மனநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. திறந்து அதிக காலம் போகமுன்னரே அது நிரம்பி வழிந்தது. 1930களின் இறுதியில் லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையின் தலைவராக இருந்த எட்வர்ட் மாப்பதர் இலங்கைக்கு வந்து பார்த்துவிட்டு, அங்கொடையின் நிலைமை பற்றிக் கடுமையான அறிக்கை ஒன்று எழுதினார்.

அந்தக் காலத்து அரச அறிக்கைகள் எதை எண்ணின? எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள், எத்தனை பேர் வெளியே போனார்கள், எத்தனை பேர் செத்தார்கள். உள்ளே இருப்பவர் தன் வாழ்க்கையை எப்படிப் பார்க்கிறார் என்பதற்கு அந்த அட்டவணைகளில் ஒரு பத்தி கிடையாது. அப்படி ஒரு பத்தி வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. 'புத்தி பேதலித்தவர்' தன் வாழ்க்கை பற்றிச் சொல்லும் கருத்துக்கு என்ன பெறுமதி என்பதுதான் அன்றைய எண்ணம். இன்றைக்கும் எங்கட வீடுகளில் அது முழுதாகப் போய்விடவில்லை.

மன்னாரில் இருந்து அங்கொடை முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். மதவாச்சிக்குப் போகும் ரயிலில் ஏறி, சிங்களம் தெரியாத ஒருவர் சிங்களம் பேசும் ஒரு பெரிய கட்டடத்துக்குள் போய்ச்சேருவார். ஊரில் இருப்பவர்களுக்கு மிஞ்சியது அந்த இடத்தின் பெயர் மட்டும். அதுவும் ஒரு வசைச்சொல்லாக: "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்பவேணும்." சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயருக்கு நடந்ததும் இதேதான். ஒரு வைத்தியசாலையின் முகவரி திட்டும் சொல்லாக மாறிய பிறகு, அங்கே இருந்து திரும்பி வருபவர் எந்த ஊருக்குத் திரும்புவார்?

கேள்வி பிறந்த இடம்

இந்தக் கேள்வி முதலில் நோயாளிகளுக்காக உருவானது இல்லை. 1960களில் அமெரிக்காவில் ஹாட்லி கான்ட்ரில் என்ற ஆய்வாளர் சாதாரண மக்களிடம் ஓர் ஏணியைக் காட்டினார். மேல்படி உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை, அடிப்படி மிக மோசமான வாழ்க்கை, நீங்கள் இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? உலக நாடுகளின் மகிழ்ச்சியை வரிசைப்படுத்தி இன்று வருடாவருடம் வரும் அறிக்கைகளுக்கு அடிப்படை அந்த ஏணிதான். 1970களில் ஆண்ட்ரூஸ், விதி என்ற இருவர் 'மிக மகிழ்ச்சி' முதல் 'மிகக் கொடுமை' வரை ஏழு படிகள் கொண்ட ஓர் அளவைக் கொண்டுவந்தார்கள்.

அதே காலத்தில் அமெரிக்காவில் பெரிய மனநோய் வைத்தியசாலைகள் காலியாகிக்கொண்டிருந்தன. நோயாளிகள் ஊருக்குள் வந்தார்கள். ஆனால் எங்கே வந்தார்கள்? பலர் வந்து சேர்ந்தது மலிவான தங்குவிடுதிகளுக்கு. வைத்தியசாலையை விட்டு வெளியே வந்தது அவர்களுக்கு நன்மையா தீமையா என்ற வாதம் எழுந்தபோது, அந்தோனி லேமன் என்ற மருத்துவர் நேராக அவர்களிடமே போய்க் கேட்டார். 1980களின் தொடக்கத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் தங்குவிடுதிகளில் 278 பேரிடம் வீடு, குடும்பம், நண்பர்கள், வேலை, காசு, பாதுகாப்பு, உடல்நலம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

கிடைத்த பதிலில் இரண்டு விஷயங்கள் முக்கியம். முதலாவது, அவர்களால் பதில் சொல்ல முடிந்தது. நோய் ஓரளவு கட்டுக்குள் இருக்கும்போது மனச்சிதைவு உள்ளவர்கள் சொல்லும் பதில்கள் நம்பத்தக்கவை என்று பின்னர் வந்த ஆய்வுகளும் காட்டின. இரண்டாவது, அவர்களுடைய குறை எங்கே குவிந்தது என்பது. காசு இல்லாதது, வேலை இல்லாதது, பாதுகாப்பு இல்லாதது, உறவுகள் அற்றுப்போனது. ஒரு நோயாளியின் கோப்பைத் திறந்தால் 'குரல் கேட்கிறதா, சந்தேகம் இருக்கிறதா' என்பதுதான் முதல் பக்கம். கோப்புக்கு உரியவருடைய மனதிலோ முதல் பக்கத்தில் வேறு விஷயம் இருந்தது.

இதற்குப் பிறகு கேள்விக்கொத்துகள் வரிசையாக வந்தன. 1999இல் ஸ்டீபன் பிரீபேயும் சகாக்களும் வெளியிட்ட மான்செஸ்டர் குறுமதிப்பீடு தீவிர உளநோய் உள்ளவர்களிடம் இன்று அதிகமாகப் பயன்படும் ஒன்று. அதில் 16 கேள்விகள். 12 கேள்விகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை எண். மற்ற நாலுக்கும் ஆம், இல்லை மட்டும். அந்த நாலைப் பிறகு பார்ப்போம்.

சென்னை வழியாகத் தமிழுக்கு

1991இல் உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்க ஒரு திட்டத்தைத் தொடங்கியது. இங்கிலாந்தில் எழுதி மற்ற நாடுகளுக்கு மொழிபெயர்ப்பது என்ற வழமையை விட்டு, பல பண்பாடுகளில் ஒரே நேரத்தில் கேள்விகளை உருவாக்குவது என்று முடிவெடுத்தார்கள். முதற்கட்டத்தில் 15 மையங்கள். பாரிஸ், டோக்கியோ, ஹராரே, பாங்கொக், டெல்லி இவற்றோடு சென்னையும் ஒன்று. அதே சென்னையில்தான் ஸ்கார்ஃப் எனப்படும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படும் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய நிறுவனம் அது.

ஆக, உலகில் இந்த அளவுகோலை உருவாக்கும்போதே மேசையில் இருந்த மொழிகளில் தமிழும் ஒன்று. இது எங்களில் பலருக்குத் தெரியாது. முழு வடிவத்தில் 100 கேள்விகள், சுருக்க வடிவத்தில் 26. உடல், உளம், சமூக உறவுகள், சூழல் என்று நாலு பகுதிகள். வாழ்க்கைத் தரத்துக்கு அந்தத் திட்டம் கொடுத்த விளக்கத்தின் சாரம் இது: தான் வாழும் பண்பாட்டுக்குள்ளும் விழுமியங்களுக்குள்ளும் நின்றுகொண்டு, தன் இலக்குகள், எதிர்பார்ப்புகள், கவலைகளோடு ஒப்பிட்டு ஒருவர் தன் வாழ்க்கையை எப்படிப் பார்க்கிறார் என்பது. மருத்துவர் எப்படிப் பார்க்கிறார் என்பது கணக்கில் இல்லை.

அந்தப் பண்பாடு என்ற சொல் வெறும் அலங்காரம் இல்லை என்பதற்கு ஸ்கார்ஃபிலிருந்து ஓர் உதாரணம். மனச்சிதைவு வந்த பின் கணவரைப் பிரிந்து அல்லது அவரால் கைவிடப்பட்டு வாழும் பெண்களைப் பற்றி ஆர். தாராவும் சகாக்களும் 2003இல் எழுதினார்கள். நோயாளி என்ற பெயரைவிட 'வாழாவெட்டி' என்ற பெயர்தான் அந்தப் பெண்களையும் குடும்பங்களையும் பல நேரம் அதிகம் சுட்டது. மருந்து குரல்களை நிறுத்தும். ஊர் வாயை எந்த மருந்து நிறுத்தும்? அந்தப் பெண்ணின் திருப்தி மதிப்பெண்ணை மேலே கொண்டுவர மாத்திரையின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டிருந்தால் ஆகாது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்தவேண்டும். "எங்கட நாடுகளில் குடும்பம் இருக்கு, அதால மனநோயாளர்கள் நல்லாத்தான் இருக்கினம்" என்று ஒரு பேச்சு உண்டு. அதற்குப் பின்னால் இலங்கை ஆய்வு ஒன்றும் இருக்கிறது. நான்சி வாக்ஸ்லர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இலங்கையில் மனச்சிதைவு நோயாளிகளை ஐந்து வருடம் பின்தொடர்ந்து, கைத்தொழில் நாடுகளைவிட இங்கே நோயின் போக்கு நன்றாக இருக்கிறது என்று 1979இல் எழுதினார். குடும்பமும் ஊரும் ஒருவரை நிரந்தர நோயாளி என்று முத்திரை குத்தாமல் திரும்ப ஏற்றுக்கொள்வதுதான் காரணம் என்பது அவருடைய வாதம். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வுகளும் அதே பக்கம் சாய்ந்தன. ஆனால் 2008இல் அலெக்ஸ் கோஹன், விக்ரம் பட்டேல், தாரா, ஓயே குரேஜே ஆகியோர் பல ஏழை நாடுகளின் ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, படம் அவ்வளவு நேரானது இல்லை என்றார்கள். ஊருக்கு ஊர் வித்தியாசம் பெரிது, சிகிச்சையே கிடைக்காதவர்கள் பலர், குடும்பங்கள் சுமக்கும் பாரமும் அதிகம். குடும்பம் இருக்கிறது என்பது உண்மை. அந்தக் குடும்பத்துக்குள் அவர் திருப்தியாக இருக்கிறாரா என்பது தனிக் கேள்வி.

ஏர்வாடி சொல்லும் பாடம்

மன்னார் வளைகுடாவின் மறுகரையில், இராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது ஏர்வாடி. தர்காவுக்குப் பக்கத்தில் மனநோயாளர்களைத் தங்கவைக்கும் தனியார் காப்பகங்கள் முளைத்திருந்தன. 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி விடியற்காலையில் அவற்றில் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, அந்தக் காப்பகங்கள் மூடப்பட்டன.

திருப்தி பற்றிய கட்டுரையில் ஏர்வாடி ஏன்? அந்தத் தீக்கு முதல்நாள் ஒருவர் படிவத்தோடு போய், "இங்கே இருப்பது உங்களுக்குத் திருப்தியா?" என்று கேட்டிருந்தால், சங்கிலியில் இருந்த சிலராவது "ஓம்" என்று சொல்லியிருக்கக்கூடும். பொல்லாத வீட்டில் இருந்து வந்தவருக்கு ஒரு வேளைக் கஞ்சியே பெரிது. போக இடமில்லாதவர் இருக்கும் இடத்தைக் குறை சொல்லத் துணிய மாட்டார்.

அமர்த்தியா சென் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். நீண்டகாலம் இல்லாமையில் வாழ்பவர்கள் தங்கள் ஆசைகளைக் கிடைப்பதன் அளவுக்குச் சுருக்கிக்கொள்வார்கள். அதனால் அவர்கள் சொல்லும் திருப்தியை மட்டும் வைத்து அவர்களுடைய வாழ்க்கை நல்லது என்று முடிவு கட்டக்கூடாது. சங்கிலி ஒருவருடைய காலில் இருக்கிறதா இல்லையா என்பதை அவருடைய மதிப்பெண்ணில் இருந்து கண்டுபிடிக்க முயலக்கூடாது. காலைப் பார்க்கவேண்டும்.

மன்னாரின் முப்பது வருடம்

இப்போது தீவுக்கு வருவோம். மன்னார் மாவட்டத்தில் ஏறக்குறைய ஒரு இலட்சம் மக்கள். மீன்பிடி, கட்டுக்கரைக் குளத்தின் கீழ் நெல், கொஞ்சம் அரச உத்தியோகம். தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடி முப்பது கிலோமீற்றர் அளவுதான். 1914இல் தொடங்கிய, தனுஷ்கோடி வழியான ரயிலும் கப்பலும் இணைந்த பயணம் 1964 டிசம்பர் புயலோடு அறுந்தது. போர்க்காலத்தில் அந்தக் கடலை அதிகம் கடந்தவர்கள் அகதிகள்.

1990 இந்த மாவட்டத்தின் முதுகெலும்பை முறித்த வருடம். போர் மீண்டும் மூண்டது, தலைமன்னார் ரயில் நின்றது, ஆயிரக்கணக்கானோர் வள்ளங்களில் இராமேஸ்வரம் போனார்கள். அதே வருடம் ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறக்குறைய 75,000 பேர். எருக்கலம்பிட்டி போன்ற ஊர்கள் ஒரே நாளில் வெறுமையாகின. மன்னார்த் தீவில் இருந்து பலர் கடல் வழியாகக் கற்பிட்டிக்குப் போய், புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் முகாம்களிலும் குடியேற்றங்களிலும் வாழ்ந்தார்கள். பிறகு 2008இல் போர் மன்னார்ப் பெருநிலத்தில் இருந்து தொடங்கி வன்னிக்குள் நகர்ந்தது. அடம்பனிலும் விடத்தல்தீவிலும் இருந்து கிளம்பிய சனம் 2009 மே வரை ஓடிக்கொண்டே இருந்தது.

இந்த ஓட்டத்தில் தீவிர உளநோய் உள்ள ஒருவருடைய நிலையை யோசித்துப் பாருங்கள். கிளினிக் கொப்பி தொலையும். ஊசி தவறும். கூட்டிப்போகும் அம்மா செத்துப்போவா. ரயிலும் இல்லை, பாதையும் இல்லை, அங்கொடைக்கும் போக முடியாது. வடக்கு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய உளமருத்துவர்கள்தான் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போருக்குள்ளேயே வேலை செய்து, போர் தனிமனிதரை மட்டும் இல்லாமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக் காயப்படுத்துகிறது என்று எழுதினார்கள். ஆனால் மன்னாரில் இருந்து யாழ்ப்பாணம் போவதே ஒரு பயணம். சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது 2011இல், தலைமன்னார் ரயில் திரும்பி வந்தது 2015இல்.

சுனாமிக்குப் பின் 2005இல் வந்த இலங்கையின் உளநலக் கொள்கை ஒரு பெரிய திருப்பம். அங்கொடையை மட்டும் நம்பியிருக்காமல் மாவட்டம்தோறும் உளநலப் பிரிவு, உளநலத்துக்கென்று பயிற்சி பெற்ற வைத்திய அதிகாரிகள், ஊருக்குப் போய்ப் பார்க்கும் சமூக உத்தியோகத்தர்கள் என்று அது திட்டமிட்டது. இன்று மன்னாரில் ஒருவர் தன் மொழியில், தன் மாவட்டத்துக்குள் மருந்து எடுக்கலாம். ஐம்பது வருடத்துக்கு முன் இதை யாரும் கனவு கண்டிருக்க மாட்டார்கள்.

போருக்குப் பின் ஆய்வாளர்களும் வந்தார்கள். செஸ்மால் சிறிவர்தனவும் சகாக்களும் 2011இல் புத்தளத்தில் இடம்பெயர்ந்து வாழ்ந்த 450 பேரை ஆராய்ந்தார்கள். மனச்சோர்வு, பதகளிப்பு போன்ற பொதுவான உளநோய்களில் ஏதோ ஒன்று 18.8 வீதமானவர்களுக்கு இருந்தது. வேலையின்மை, துணையை இழந்திருப்பது, உணவுக்குத் தட்டுப்பாடு ஆகியவற்றோடு நோய் சேர்ந்து வந்தது. ஒரு வருடம் கழித்து, மன்னாருக்குத் திரும்பி வந்தவர்களையும் சேர்த்துப் பார்த்தபோது வீதம் குறைந்திருந்தது. இது மனச்சிதைவு போன்ற தீவிர நோய்களைத் தேடிய ஆய்வு இல்லை. ஆனாலும் எங்கட கேள்விக்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது: இந்தக் கரையில் மனதின் நிலையைக் கேட்டால், பதிலில் சோற்றுப்பானையும் சேர்ந்தே வரும்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். டொலர் இல்லை, எண்ணெய் இல்லை, வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு. மார்ச் மாதத்தில் மன்னாரில் இருந்து மீண்டும் வள்ளங்கள் தனுஷ்கோடிப் பக்கம் போயின. அந்த வருடம் ஒருவருடைய திருப்தி ஐந்தில் இருந்து இரண்டுக்கு விழுந்திருந்தால், அதை 'நோய் முற்றிவிட்டது' என்று கோப்பில் எழுதுவதா? பக்கத்து வீட்டு நோயில்லாத மனிதரிடம் கேட்டிருந்தாலும் இரண்டுதானே வந்திருக்கும். மறுபக்கம், காற்றுக் காலத்தில் தொழில் படுத்துக் கிடக்கும்போது கேட்பதற்கும், நல்ல பாடு விழுகிற மாதத்தில் கேட்பதற்கும்கூட வித்தியாசம் இருக்கும். எண் ஒன்றுதான். அதற்குள் நோய், மருந்து, காசு, காற்று, அரசாங்கம் எல்லாம் கலந்திருக்கிறது.

"பரவாயில்லை"

மொழியிலும் ஒரு சிக்கல் உண்டு. 'திருப்தி' என்பது எங்களுக்கு ஓர் உணர்வின் பெயர் மட்டும் இல்லை, ஒரு நற்குணத்தின் பெயரும்கூட. போதும் என்கிற மனதைப் பொன்னாகச் சொல்லித்தான் எங்களை வளர்த்திருக்கிறார்கள். கிடைத்ததில் குறை சொல்வது நன்றி கெட்டதனம். மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தவரும், பள்ளியில் துஆ கேட்டவரும், திருக்கேதீஸ்வரத்துக்குக் காவடி எடுத்தவரும் கடவுள் தந்ததைக் குறைவு என்று ஒரு படிவக்காரரிடம் லேசில் சொல்ல மாட்டார்கள். அதிலும், பத்து வருடமாகச் சோறு போடும் அக்கா பக்கத்தில் நிற்கும்போது, "குடும்பத்தோடு உங்கட உறவு எப்படி?" என்று கேட்டால் யார் 'மூன்று' என்பார்?

எங்கட ஊரில் 'பரவாயில்லை' என்ற சொல் குறைந்தது மூன்று விதமாக வரும். உண்மையிலேயே நல்லாயிருக்கிறேன் என்பது ஒன்று. மோசம்தான், ஆனால் உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்பது இன்னொன்று. பேச்சை இத்தோடு முடிப்போம் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் படிவத்தில் ஒரே எண்தான் விழும்.

இதற்காக "அப்போ கேட்கவே வேண்டாம்" என்று முடிவெடுத்தால் 1873க்குத் திரும்பிப் போகிறோம். நோயாளியின் பதிலை நம்ப முடியாது என்று சொல்வது மிக வசதியான நிலைப்பாடு, ஏனென்றால் அதற்குப் பிறகு யாரும் எதையும் மாற்றவேண்டியதில்லை. அதேபோல் "ஐந்து வந்திருக்கு, எல்லாம் நல்லாப் போகுது" என்று அறிக்கை எழுதுவதும் வசதியானதுதான். கேட்காமல் விடுவதும் கேட்டதை அப்படியே விழுங்குவதும் போய்ச்சேரும் இடம் ஒன்றுதான்: அவர் அதே விறாந்தையில் இருப்பார்.

ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு முடிவு இங்கே உதவும். தீவிர உளநோய் உள்ளவர்களின் திருப்தியோடு மிக நெருக்கமாகப் போவது குரல் கேட்பது, சந்தேகப்படுவது போன்ற அறிகுறிகளின் அளவைவிட, மனச்சோர்வும் நிறைவேறாத தேவைகளும்தான். அதாவது ஒருவருடைய மதிப்பெண் குறைவாக இருந்தால் கேட்கவேண்டிய அடுத்த கேள்விகள் மருந்தின் அளவோடு நிற்கக்கூடாது. தனிமையா? கையில் காசு இல்லையா? அடி விழுகிறதா? செய்ய ஒரு வேலை இல்லையா? இவற்றில் பலவற்றுக்கு வைத்தியர் பொறுப்பில்லை. பிரதேச செயலகம், கடற்றொழில் சங்கம், கோயில், பள்ளிவாசல், சர்ச், இளைஞர் கழகம் எல்லாம் பொறுப்பு.

எப்படிக் கேட்கலாம்?

அளவுகோல்கள் இருக்கின்றன, தமிழிலும் இருக்கின்றன. அவற்றை எப்படிக் கையாள்வது என்பதுதான் மிச்சம். அவரையே கேட்கவேண்டும், தனியாகக் கேட்கவேண்டும். அக்காவையும் கேட்கலாம், ஆனால் அது அக்காவின் பதில் என்று தனியாகக் குறிக்கவேண்டும். சென்னைத் தமிழில் எழுதிய கேள்வியை மன்னார்த் தமிழில் வாசித்துக்காட்டி, விளங்கியதா என்று பார்க்கவேண்டும். ஒருமுறை கேட்டு முடிவு கட்டாமல், அதே ஆளிடம் ஆறு மாதத்துக்குப் பிறகும், ஒரு வருடத்துக்குப் பிறகும் கேட்கவேண்டும். ஒருவருடைய இன்றைய எண்ணை அவருடைய நேற்றைய எண்ணோடு ஒப்பிடுவது, லொஸ் ஏஞ்சலிஸ் எண்ணோடு ஒப்பிடுவதைவிட நேர்மையானது. பக்கத்து வீட்டில் நோயில்லாதவரிடமும் அதே கேள்வியைக் கேட்டால், இரண்டுக்கும் இடையில் இருக்கும் தூரம்தான் நோயும் ஒதுக்கலும் சேர்ந்து அவரிடம் இருந்து எடுத்துக்கொண்ட பங்கு என்று ஓரளவு தெரியும்.

இவற்றோடு, திருப்தியைக் கேட்காத கேள்விகளும் வேண்டும். மான்செஸ்டர் குறுமதிப்பீட்டில் ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும் நாலு கேள்விகள் இருக்கின்றன என்றேன் அல்லவா? நெருங்கிய சிநேகிதர் என்று சொல்ல உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா? கடந்த ஒரு வாரத்தில் ஒரு சிநேகிதரைச் சந்தித்தீர்களா? கடந்த ஒரு வருடத்தில் உங்கள் மேல் குற்றச்சாட்டு ஏதும் வந்ததா? கடந்த ஒரு வருடத்தில் யாராவது உங்களை அடித்தார்களா?

இவற்றில் 'பரவாயில்லை' என்று தப்ப முடியாது. அடித்தார்களா இல்லையா என்பதற்கு ஏழு படிகள் கிடையாது. மேலே சொன்ன விறாந்தை மனிதர் திருப்திக்கு ஐந்து கொடுத்துவிட்டு, சிநேகிதர் இல்லை என்றும், ஆம் அடித்தார்கள் என்றும் சொன்னால், அந்த ஐந்தை எப்படி வாசிப்பது என்று எங்களுக்கு உடனே விளங்கும்.

நாலில் மூன்று கேள்விகளை மருத்துவத் தாதியோ சமூக உத்தியோகத்தரோ கேட்டு எழுதட்டும். இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத எங்களாலும் முடியும். மன்னாரிலோ வேறெங்கோ, உங்கட ஒழுங்கையிலும் அப்படி ஒருவர் இருப்பார். முன்னே உங்களோடு பந்து விளையாடியவராக, உங்கட அண்ணனோடு ஒரே வகுப்பில் படித்தவராக இருக்கலாம். போன கிழமை அவரைப் பார்க்க யாராவது போனார்களா?